கேட் எதிர்ல 'கட்' கேட்காதீங்க!

தமிழ்நாட்டுல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் எங்க இருக்கும்னு யாராவது கேட்டா, மேப்பைத் திறக்காமலே பதில் சொல்லிடலாம். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்துல, பெரிய ஆர்ச்சுக்குப் பின்னாடி. ஆர்ச்சுக்கு நேர் எதிரே டிவைடரில் ஒரு இடைவெளி இருக்கும். அரசே விட்ட இடைவெளியோ, ராத்திரியோட ராத்திரியா யாரோ கல்லைப் பெயர்த்து உண்டாக்கினதோ, எல்லாத்துக்கும் ஒரே பேரு: 'கட்'. அது இல்லாத காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு ஒரு நிரந்தரக் கோரிக்கை உண்டு. "எங்க கேட்டுக்கு எதிர்ல ஒரு கட் போட்டுக் குடுங்க."

இந்தக் கட்டுரை அந்தக் கோரிக்கைக்கு எதிரானது.

கோபப்படாம மேல படிங்க. எல்லா கட்டையும் மூடுங்க, பசங்க மூணு கிலோமீட்டர் சுத்திட்டு வரட்டும்னு சொல்றதுக்காக இதை எழுதலை. கட்டைவிட நல்லதா ஒண்ணை நாம கேட்கலாம், அதைக் கேட்கத் தேவையான படிப்பும் நம்ம கையில இருக்கு என்பதுதான் என் வாதம்.

முதல்ல கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 61,038 பேர் இறந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறப்பில் 17,884 பேரோடு உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுக்க இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நம்ம பார்க்கிங்ல நிக்கிற வண்டிகளை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

இத்தனைக்கும் கட் மட்டும் காரணம் இல்லை. வேகம், ஹெல்மெட், குடி, தூக்கக் கலக்கம்னு பட்டியல் நீளும். ஆனா அந்தப் பட்டியல்ல இருக்கிற மத்த எல்லாத்துக்கும் போஸ்டர் ஒட்டுறோம், பேரணி போறோம். சாலையின் வடிவத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கிறதில்லை. வடிவம் நம்ம சப்ஜெக்ட் இல்லையா?

ஒரு சாலை, ரெண்டு வேலை

ஒரு சாலை ரெண்டு வேலை செய்யும். ஒண்ணு, உங்களை இங்கிருந்து அங்க கொண்டுபோகும். இன்னொண்ணு, ஓரத்துல இருக்கிற வீடு, கடை, வயல், காலேஜுக்கு வாசல் விடும். உங்க தெருவுக்கு ரெண்டாவது வேலைதான் முக்கியம், அதனால அங்க யாரும் 80-ல போகக் கூடாது. நெடுஞ்சாலைக்கு முதல் வேலைதான் முக்கியம், அதனால அங்க வாசல் குறைவா இருக்கணும். ரெண்டையும் ஒரே சாலையில் முழுசா கேட்டால் ரெண்டுமே கெட்டுப்போகும். 90-ல வர்ற காரும், 10-ல திரும்புற டிவிஎஸ் எக்ஸெல்லும் ஒரே லேன்ல சந்திக்கிற இடம் அப்படித்தான் உருவாகுது.

இந்த ரெண்டு வேலையையும் பிரிச்சு, எந்தச் சாலையில எங்க வாசல், எவ்வளவு தூரத்துக்கு ஒரு சந்திப்பு, எங்க திரும்பலாம்னு முன்கூட்டியே முடிவு செய்ற துறைக்கு ஆக்சஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர். தமிழில் அணுகல் மேலாண்மை எனலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1979-ல் இதுக்காகச் சட்டம் கொண்டுவந்து, 1981-ல் தனி விதித்தொகுப்பே வெளியிட்டது. நம்ம நாட்டிலும் இது புதுசு இல்லை. நெடுஞ்சாலைகளில் அணுகல் கட்டுப்பாடு பற்றிய ஐஆர்சி 62 வழிகாட்டி வந்தது 1976-ல். ஹைவே இன்ஜினியரிங் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வந்துட்டுப் போயிடுறதால நமக்குத்தான் தெரியலை.

இதைக் கவனிக்காம விட்டா என்ன ஆகும்னு பார்க்க கோயம்புத்தூர் போகலாம். நீலாம்பூரில் இருந்து மதுக்கரை வரை, சுமார் 28 கிலோமீட்டர், எல் அண்ட் டி பைபாஸ். கேரளா போற லாரி ஊருக்குள்ள வர வேண்டாம்னு போட்ட ரெண்டு லேன் சாலை. சிந்தாமணிபுதூரில் திருச்சி ரோட்டையும், ஈச்சனாரியில் பொள்ளாச்சி ரோட்டையும் தரைமட்டத்திலேயே வெட்டிக்கிட்டுப் போகுது. நடுவுல எத்தனையோ ஊர்ச்சாலைகள். பைபாஸ் வந்ததும் ஓரத்து நிலத்துக்கு விலை வந்தது. விலை வந்ததும் பேக்கரி, கல்யாண மண்டபம், லேஅவுட் எல்லாம் வந்தது. ஊரைத் தாண்டிப் போகப் போட்ட சாலைக்கே ஊர் குடிவந்துடுச்சு. இப்போ அந்தப் பைபாஸுக்கு ஒரு பைபாஸ் தேவைப்படுற நிலைமை.

இதுக்கு எதிர் உதாரணம் சென்னை அவுட்டர் ரிங் ரோடு. வண்டலூரில் இருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர். நடுவில் ஆறு வழி, ரெண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு. ஊர் ஆட்கள் சர்வீஸ் ரோட்டில், தூரப் பயணம் நடுவில். குறை இல்லாத சாலைன்னு சொல்லலை. ஆனா ரெண்டு வேலையையும் ஒரே லேன்ல திணிக்கக் கூடாதுங்கிற எண்ணம் வரைபடத்திலேயே இருக்கு.

32, 9, 2

இப்போ ஒரு பேப்பர் எடுங்க. நாலு பக்கமும் சாலை சேர்ற ஒரு சந்திப்பை வரைஞ்சு, ஒவ்வொரு திசையிலிருந்தும் நேரா, இடது, வலது என்று எல்லாக் கோடுகளையும் போடுங்க. கோடுகள் ஒண்ணை ஒண்ணு தொடுற, பிரியுற, வெட்டுற இடங்களை எண்ணினால் 32 வரும். இதுக்குப் பேரு மோதல் புள்ளிகள். வெட்டுறது 16, சேர்றது 8, பிரியுறது 8. உங்க கேட்டுக்கு எதிர்ல கட், அந்தக் கட்டுக்கு எதிர்ல ஒரு கிராமத்துச் சாலைன்னா, நீங்க தினமும் கடக்கிறது இந்த 32-ஐத்தான்.

எதிர்ல கிராமத்துச் சாலை இல்லாம வெறும் 'டி' வடிவமா இருந்தா 9.

கட்டை மூடி, இடதுபக்கமா உள்ளே வரலாம், இடதுபக்கமாவே வெளியே போகலாம், அவ்வளவுதான்னு வெச்சா? 2. ஒரு பிரிவு, ஒரு சேர்க்கை. வெட்டுறது பூஜ்யம்.

எண்ணிக்கையை விட வகை முக்கியம். சேரும்போதும் பிரியும்போதும் நடக்கிறது பெரும்பாலும் உரசலும் பின்பக்க இடியும். வெட்டும்போது நடக்கிறது பக்கவாட்டு இடி. பைக்கில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பக்கவாட்டில் பம்பர் கிடையாது, அவனோட கால்தான் பம்பர்.

அடுத்தது, நம்ம எல்லாருக்கும் பிடிச்ச ஃபிசிக்ஸ். 100 கி.மீ. வேகத்தில் வர்ற வண்டி வினாடிக்கு 27.8 மீட்டர் ஓடும். டிரைவர் ஆபத்தைப் பார்த்து, புரிஞ்சு, பிரேக்கில் கால் வைக்க ஐஆர்சி எடுத்துக்கிற நேரம் 2.5 வினாடி. பிரேக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே 69 மீட்டர் போச்சு. அப்புறம் 0.35 உராய்வில் நிற்க இன்னும் 112 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 180 மீட்டர்.

இந்தப் பக்கம் உங்க காலேஜ் பஸ். நிலையிலிருந்து கிளம்பி ரெண்டு லேனையும் ஓரத்தையும் தாண்டி, தன் வாலையும் இழுத்துக்கிட்டு வெளியேற சுமார் 21 மீட்டர் நகரணும். ஆள் நிறைஞ்ச பஸ்ஸுக்கு முடுக்கம் 0.7 என்று போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 8 வினாடி. அந்த 8 வினாடியில் எதிரே வர்ற கார் 220 மீட்டர் வந்துடும். அதாவது, பஸ் டிரைவர் "தூரத்துல தானே வர்றான்"னு நினைச்சுத் திருப்புற ஒவ்வொரு தடவையும், அந்தக் கார்க்காரர் பிரேக் பிடிப்பார்ங்கிற நம்பிக்கையில்தான் 50 பேரை ஏத்திக்கிட்டுக் கடக்கிறார். மழை, இருட்டு, ஹை பீம் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கலை.

இன்னொரு கழித்தல் கணக்கு இருக்கு. நாலு வழிச்சாலையின் டிவைடர் அகலம் பெரும்பாலும் 4.5 அல்லது 5 மீட்டர். பஸ் நீளம் 12 மீட்டர். கட்டுக்குள் குறுக்காக ஒரு பஸ் நின்றால் 7 மீட்டர் வெளியே நீட்டிக்கிட்டு நிற்கும். ஒரு பக்கத்து ரெண்டு லேனோட அகலமும் சரியா அந்த 7 மீட்டர்தான். பைக் மாதிரி பாதி கடந்து நடுவில் காத்திருக்க பஸ்ஸால முடியாது. பின்னாடி வர்ற மொத்தச் சாலையும் நிக்கணும், இல்லன்னா இடிக்கணும்.

டோல் கட்டிட்டு வர்றவங்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. ஒரு கட்டில் ஒரு பஸ் திரும்பினால் பின்னாடி பிரேக் விளக்குகள் ஒரு அலை மாதிரி பின்னோக்கிப் பரவும். நாலு கிலோமீட்டரில் நாலு காலேஜ், நாலு கட்டுன்னா அந்த அலை தீர்றதே இல்லை. கோடிகளைக் கொட்டி அகலப்படுத்தின சாலை, வாசல்களால் மறுபடியும் குறுகிப் போகுது.

'அப்போ ஊர்க்காரன் எப்படிப் போவான்?'

நியாயமான கேள்வி. சொல்லப்போனா இந்த விஷயத்தில் மிகவும் நியாயமான கேள்வி இதுதான்.

பல இடங்களில் ஊர் முதலில் இருந்தது, சாலை பிறகு வந்தது. வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம். நாலு வழி ஆக்கும்போது ஊரை ரெண்டா அறுத்துட்டு, "இனிமே அங்க போய்த் திரும்பி வாங்க"ன்னு சொன்னா யாருக்கும் கோபம் வரும். சென்னையிலிருந்து மதுரை போற காருக்கு அஞ்சு நிமிஷம் மிச்சம் பண்ண, ஆடு மேய்க்கிற பாட்டி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணுமா?

அதோடு, வெறுமனே மூடுறது வேலைக்கும் ஆகாது. கட்டை மூடி, அடுத்த யூ-டர்ன் 1.5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போக வர 3 கிலோமீட்டர். பைக்கில் அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்துக்கும் பெட்ரோலுக்கும் பயந்து ஆட்கள் ராங் சைடுல வருவாங்க. வர்றாங்க. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் எதிர்த்திசையில் ஓட்டுறது ஆபத்தான ஓட்டுதல் என்றே சேர்க்கப்பட்டிருக்கு. சட்டம் இருக்கு, ராங் சைடும் இருக்கு. வடிவமைப்பு ஒரு பக்கம் இழுத்தால், அபராதம் மறுபக்கம் இழுத்து ஜெயிக்காது. பக்கவாட்டு இடியை எடுத்துட்டு நேருக்கு நேர் இடியைக் கொடுத்தா அதுக்குப் பேரு பாதுகாப்பா?

அதனால வரிசை முக்கியம். முதல்ல சர்வீஸ் ரோடு. அடுத்து யூ-டர்ன். கடைசியில்தான் கட்டை மூடுறது. நம்ம ஊரில் பெரும்பாலும் இது தலைகீழா நடக்குது. விபத்து நடக்கும், மறுநாள் கான்கிரீட் தடுப்பு வரும், மறுவாரம் தடுப்புக்குப் பக்கத்துல ரெண்டு கல்லு காணாமப் போகும்.

யூ-டர்ன் மட்டும் போதும்னும் நினைக்க வேண்டாம். வலது ஓரத்து வேகமான லேனில் நின்று திரும்பக் காத்திருந்தால் அதுவும் கொலைக்களம்தான். திரும்பக் காத்திருக்கத் தனி லேன் வேணும். பஸ்ஸும் லாரியும் ஒரே வீச்சில் திரும்ப எதிர்ப்பக்கத்தில் கூடுதல் அகலம் வேணும். இதெல்லாம் இருந்தா என்ன நடக்கும்னு நகரச்சாலையில் பார்த்திருக்கோம். கோயம்புத்தூரில் பல சிக்னல்களை எடுத்துட்டு யூ-டர்னாக மாத்தினாங்க. சென்னை ஓஎம்ஆரில் இந்திரா நகரிலும் டைடல் பார்க்கிலும் யூ வடிவ மேம்பாலமே கட்டினாங்க. நேரா வெட்டிக் கடக்காம, சேர்ந்து, திரும்பி, பிரிஞ்சு போற யோசனைதான் எல்லாத்திலும்.

நடக்கிறவங்களுக்கு? நடைமேம்பாலம் கட்டிட்டுக் கைகழுவிடக் கூடாது. 40 படி ஏறி இறங்கச் சொன்னா, லேப்டாப் பையோடு நாமே ஏற மாட்டோம், டிவைடரைத் தாண்டிக் குதிப்போம். கிராமம் இருக்கிற இடத்தில் சாலையைத் தூக்கி, ஆட்களைத் தரையில் நடக்க விடுற சுரங்கப்பாதைதான் சரி. அதுவும் மழையில் குளமாகாத மாதிரி வடிகாலோடு.

வாசல்தான் சொத்து

இதில் பணமும் இருக்கு. சாலை ஓரத்து நிலத்தின் மதிப்பு அதோட வாசலில்தான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதுன்னு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது நினைவிருக்கலாம். வழக்கின் பெயரே 'தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு'. அப்போ கேரளத்தில் வடக்கு பரவூரில் ஒரு பார், கட்டடத்தை ஒரு அங்குலம்கூட நகர்த்தலை. வாசலுக்குப் போற பாதையை மட்டும் சிக்குக்கோலம் மாதிரி வளைச்சு வளைச்சு நீட்டிடுச்சு. சிரிக்கலாம். ஆனா அந்த பார்க்காரருக்குப் புரிஞ்ச ஒண்ணு நமக்கும் புரியணும். கட்டடம் எங்க இருக்குங்கிறது விஷயமில்லை, பாதை எப்படி வந்து சேருதுங்கிறதுதான் விஷயம்.

சட்டமும் இதையே சொல்லுது. தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டம், 2002. அதன் 28-வது பிரிவின்படி, நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வாகனத்தோடு நெடுஞ்சாலைக்குள் நுழைய யாருக்கும் உரிமை கிடையாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டமாக நடந்து நுழையவும் அப்படித்தான். பெட்ரோல் பங்க்கோ, ஹோட்டலோ, காலேஜோ, நெடுஞ்சாலையில் வாசல் வைக்க அனுமதி வாங்கணும். ஐஆர்சி 12 முழுக்க முழுக்க இதைப் பற்றியது. வேகம் குறைக்க ஒரு லேன், வேகம் கூட்டிச் சேர ஒரு லேன் என்று வரைபடத்தோடு இருக்கு. சாலையோரம் உங்கள் நிலமே ஆனாலும், சாலைக்குள் நுழையும் வாசல் உங்கள் சொத்து இல்லை.

சரி, என்ன கேட்கலாம்?

முதலில் காலேஜ் நிர்வாகத்திடம். நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு பைசா செலவில்லாத விஷயங்கள் இவை.

ஐடி கார்டு பார்க்கிற செக்யூரிட்டி கேபினை உள்ளே தள்ளுங்க. கேட்டிலேயே நிறுத்திப் பார்த்தால் காலை 8.40-க்கு வரிசை நெடுஞ்சாலையில் நிற்கும். குறைஞ்சது மூணு பஸ் நீளம், அதாவது 36 மீட்டராவது உள்ளே போனபிறகு செக் பண்ணட்டும்.

4.15-க்கு எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டாம். பத்துப் பத்தாக, அஞ்சு நிமிஷ இடைவெளியில் விடலாம். கடைசி பஸ்ஸில் போறவங்க டீ குடிச்சுட்டுப் போகட்டும்.

பின்பக்கம் ஊர்ச்சாலை இருந்தால் அங்கே ஒரு கேட் திறக்கலாம். பக்கத்துப் பக்கத்துல மூணு காலேஜ் இருந்தால், மூணு ஆர்ச்சுக்குப் பதில் ஒரே பொது வாசல், உள்ளே ஒரு இணைப்புச் சாலை. ஆர்ச் கௌரவப் பிரச்சினைன்னு தெரியும். ஆர்ச்சை உள்ளே கட்டிக்கலாம், யாரும் வேண்டாம்னு சொல்லலை.

பஸ் ஸ்டாப்பைச் சந்திப்பிலிருந்து தள்ளி, சாலையை விட்டு விலகிய தனி இடத்தில் வைக்கச் சொல்லலாம்.

அடுத்து அரசிடம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கு. அங்கே "கட் வேணும்"னு ஒரு வரி மனு போகாம, வரைபடத்தோடு ஒரு மனு போகட்டும். இதுதான் நம்ம வேலை. சிவில் பசங்க சர்வே கேம்ப்புக்கு எங்கெங்கேயோ போறீங்க. ஒரு வருஷம் டோட்டல் ஸ்டேஷனைக் காலேஜ் வாசலில் வையுங்க. ரெண்டு பக்கமும் 2 கிலோமீட்டர், ஒவ்வொரு கட், ஒவ்வொரு கேட், ஒவ்வொரு டீக்கடை வழியையும் குறியுங்க. மோதல் புள்ளிகளை எண்ணுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க மொட்டை மாடியில் ஒரு கேமரா வெச்சு, காலையும் மாலையும் 15 நிமிஷத்துக்கு எத்தனை வண்டி திரும்புது, எத்தனை ராங் சைடு, எத்தனை தடவை மயிரிழையில் தப்பிச்சாங்கன்னு எண்ணிக் கொடுங்க. பேவர் பிளாக்கில் பிளாஸ்டிக் கலக்கிற ஃபைனல் இயர் புராஜெக்டை நாலு பேட்ச் பண்ணியாச்சு. அஞ்சாவது பேட்ச் இதைப் பண்ணலாமே.

அந்த மேப்பில் எதிர்ப்பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துக்கோங்க. பாட்டி எங்க கடக்கிறாங்க, ஸ்கூல் பசங்க எங்க கடக்கிறாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதுங்க. காலேஜுக்கு நல்லதா முடிஞ்சு ஊருக்குக் கெட்டதா முடியுற திட்டம் ஒரு மாசம்கூட நிக்காது. சர்வீஸ் ரோடு கிடைச்ச பிறகு அதில் லாரி நிறுத்தாம, கடை போடாம பார்த்துக்கிறதுக்கும் அந்த ஊரோட ஆதரவு வேணும்.

கட் கேட்கிறது சுலபம். ஒரு எம்எல்ஏ சிபாரிசு, ஒரு ஜேசிபி, ஒரு ராத்திரி போதும். சர்வீஸ் ரோடு, காத்திருக்கும் லேனோடு யூ-டர்ன், தண்ணி நிக்காத சுரங்கப்பாதை இதெல்லாம் கேட்டால் ரெண்டு மூணு வருஷம் ஆகும். கேட்கிற நாம பாஸ் அவுட் ஆகியே போயிருப்போம். பரவாயில்லை. நாலு வருஷம் மட்டும் இருந்துட்டுப் போற நாம, அடுத்து வர்ற பேட்சுக்கு 32-ஐ விட்டுட்டுப் போகப் போறோமா, 2-ஐ விட்டுட்டுப் போகப் போறோமா? இந்த செமஸ்டர்லயே அந்த மேப்பை ஆரம்பிங்க.